சிறு தொழிலுக்கான இணையதளம்: அதில் என்ன இருக்க வேண்டும், யார் அதைப் பார்த்துக்கொள்வார்கள்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். வீட்டு உபயோகப் பொருள்களைப் பழுதுபார்க்கும் சிறு தொழில் ஒன்றை இன்னும் இருவரோடு சேர்ந்து நடத்துகிறீர்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அமைத்த இணையதளம் மெதுவாகத் திறக்கிறது, சில நாள்களில் திறப்பதே இல்லை. வயதான வாடிக்கையாளர் ஒருவர் எழுத்தே கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார். வடிவமைப்பு நிறுவனம் ஒன்று அசையும் படங்கள், அரட்டைப் பெட்டி, முன்பதிவு வசதி ஆகியவற்றோடு முழுவதையும் புதிதாகச் செய்து தருவதாகச் சொல்கிறது. எந்த மென்பொருளில் கட்டினால் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை முழுவதும் படித்தபோது, இந்தத் தொல்லைகள் மறுபடி வராமலிருக்க என்ன செய்வது, இத்தனை வசதிகளும் உங்களுக்குத் தேவைதானா என்பதையே நீங்கள் உண்மையில் அறிய விரும்புகிறீர்கள் என்று தோன்றியது. சிறு நிறுவனங்களின் தளங்களை அமைப்பதையும், அதைவிட அதிகமாக, பிறர் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போன தளங்களைப் பராமரிப்பதையும் பல ஆண்டுகளாகத் தொழிலாகச் செய்துவருபவன் என்ற முறையில் அந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன்.

தளத்தில் சேர்க்கும் ஒவ்வொரு பகுதிக்கும் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். பெரிய நிறுவனத்தில் அதற்கென்று ஒரு குழு இருக்கும். உங்களிடம் இருப்பவர்கள் மூவர், அவர்களும் காலை முதல் மாலை வரை பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவர்கள். ஆகையால் ஒரு வசதி நன்றாக இருக்குமா என்று கேட்பதற்கு முன், அது பழுதானால் யாருக்குத் தெரியவரும், யார் சரிசெய்வார்கள் என்று கேளுங்கள். விடை கிடைக்காத எந்த வசதியையும் சேர்க்காதீர்கள். நான் கீழே சொல்பவை பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைப்பவைதான்.

முதலில் தளத்திற்கு வருபவர் எதற்காக வருகிறார் என்று பார்ப்போம். உங்களைப் போன்ற தொழிலின் தளத்திற்கு வருபவருக்கு வேண்டியவை சிலவே: தன்னிடம் இருக்கும் பொருளை நீங்கள் பழுதுபார்ப்பீர்களா, எந்தப் பகுதிக்கு வருவீர்கள், இப்போது திறந்திருக்கிறீர்களா, ஏறத்தாழ எவ்வளவு ஆகும், எப்படித் தொடர்புகொள்வது. இவற்றுக்கான விடைகள் முகப்புப் பக்கத்தில், கைப்பேசித் திரையில் ஒன்றிரண்டு முறை தள்ளுவதற்குள் கண்ணில் பட வேண்டும். அவை எழுத்தாகவே இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அழகான பதாகைப் படம் ஒன்றைச் செய்து, தொலைபேசி எண்ணையும் வேலை நேரத்தையும் அதற்குள்ளேயே எழுதிவிடுவது இன்றும் பரவலாக இருக்கிறது. அந்த எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது, நகலெடுக்க முடியாது, பெரிதாக்கினால் மங்கும், திரையில் உள்ளதைப் பார்வையற்றவருக்குக் குரலில் வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் அதைப் படிக்காது, வேலை நேரம் மாறினால் படத்தை மறுபடி செய்ய வேண்டும் என்பதால் யாரும் மாற்றவும் மாட்டார்கள். அதே எண்ணை எழுத்தாகத் தட்டச்சு செய்து, தொட்டால் அழைப்பு போகும்படி 'டெல்' இணைப்பாகக் கொடுத்துவிட்டால் இத்தனை சிக்கலும் ஒரே வரியில் தீர்ந்துவிடும். கட்டண விவரத்தைப் பிடிஎஃப் கோப்பாக மட்டும் தருவதும் இதே வகையைச் சேர்ந்தது. தாள் அளவுக்கு வடிவமைத்த பக்கத்தைச் சிறிய திரையில் இப்படியும் அப்படியும் நகர்த்திப் படிப்பது யாருக்கும் எளிதல்ல.

அடுத்து நீங்கள் கேட்ட மென்பொருள். ஐந்தாறு பக்கங்களும், ஆண்டுக்குச் சில மாற்றங்களும் மட்டுமே உள்ள தளத்திற்கு, தரவுத்தளம் (தகவல்களைச் சேமித்து, கேட்கும்போது எடுத்துத் தரும் மென்பொருள்) எதுவும் இல்லாத, எச்டிஎம்எல் என்ற இணையப் பக்க மொழியில் எழுதி வைத்த வெறும் பக்கங்களே போதும் என்பது என் உறுதியான கருத்து. 1991-இல் டிம் பெர்னர்ஸ் லீ செர்ன் ஆய்வகத்தில் வெளியிட்ட முதல் இணையப் பக்கம் இன்றைய உலாவியிலும் அப்படியே திறக்கிறது. எச்டிஎம்எல்லை வளர்த்தவர்கள் பழைய பக்கங்கள் உடையக்கூடாது என்பதில் அத்தனை கவனமாக இருந்திருக்கிறார்கள். ஃபிளாஷ் என்ற அசைவுப்பட மென்பொருளில் செய்த தளங்களின் கதை வேறு. ஒரு காலத்தில் பெருமையாகக் காட்டிய அந்த அசைவுப் பக்கங்கள் எல்லாம், அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஓடு ஆதரவை நிறுத்தியதும் வெறும் சாம்பல் கட்டங்களாகிவிட்டன. தரவுத்தளத்தை வைத்துத் தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருள் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதை நானே பல இடங்களில் பயன்படுத்துகிறேன். ஆனால் அதற்குப் பராமரிப்பு தேவை. அடிப்படை மென்பொருள் ஒரு பக்கம், தோற்றத்தைத் தரும் தீம் ஒரு பக்கம், கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் பத்துப் பதினைந்து பிளகின்கள் ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் புதுப்பிப்புகள் வந்துகொண்டே இருக்கும். இவற்றுக்கு அடியில் இயங்கும் பிஎச்பி என்ற நிரல்மொழியின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுட்காலம் உண்டு. எடுத்துக்காட்டாக, 7.4 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. தளத்தைத் தன் சர்வர் கணினியில் வைத்து இயக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் பிஎச்பியை அடுத்த பதிப்புக்கு உயர்த்தும் நாளில், கைவிடப்பட்ட ஒரு பழைய பிளகின் முழுத் தளத்தையும் வெள்ளைத் திரையாக்கிவிடக்கூடும். உங்கள் தளம் சில நாள்களில் திறப்பதில்லை என்கிறீர்களே, அதற்குக் காரணம் இதுவா என்பதைத் தளத்தின் பிழைப் பதிவுகளைப் பார்க்காமல் சொல்ல இயலாது. மலிவான ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரில் அளவுக்கு மீறிய தளங்கள் நெருக்கியடித்துக் கிடப்பதும் காரணமாகலாம். எதுவானாலும், ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தைக் கேட்டுக் கேட்டுப் பக்கத்தை உருவாக்கும் வேலை சர்வருக்கு இல்லாதபோது உடைவதற்கான இடங்கள் பெருமளவு குறைந்துவிடும் என்பதில் ஐயமில்லை.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. விடுமுறை நாளை நீங்களே மாற்றி எழுத விரும்புகிறீர்கள், எச்டிஎம்எல் கோப்பைத் திறக்கத் தயக்கம் இருக்கிறது என்றால், மாதச் சந்தா வாங்கிக்கொண்டு எல்லாப் பராமரிப்பையும் தாமே செய்யும் தளம் கட்டும் சேவை ஒன்றே உங்களுக்கு ஏற்றது. வேகத்திலும் சுதந்திரத்திலும் கொஞ்சம் இழப்பீர்கள். வேறிடத்திற்கு மாற நினைத்தால் பக்கங்களை அப்படியே எடுத்துப்போக முடியாது. ஆனால் பழைய தகவலோடு கிடக்கும் மிக வேகமான தளத்தைவிட, சரியான தகவலோடு சற்றே மெதுவாகத் திறக்கும் தளம் வாடிக்கையாளருக்கு மேலானது. இந்த இரண்டில் எது என்று முடிவுசெய்ய வேண்டியவர் நீங்கள்தான், ஏனெனில் தளத்தை யார் திருத்தப்போகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

நம்பகத்தன்மை என்றதும் எல்லோரும் சர்வரைப் பற்றியே பேசுகிறார்கள். நான் பார்த்த வரையில் சிறு தொழில்களின் தளங்கள் பெரிய அளவில் முடங்குவதற்கு முதற்காரணம் டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயர். டொமைனை யார் பெயரில் பதிவுசெய்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது; தளம் அமைத்தவர் தன் கணக்கிலேயே வாங்கியிருப்பார், பிறகு தொழிலை விட்டுப் போயிருப்பார். இன்றே உங்கள் டொமைன் எந்தப் பதிவாளர் நிறுவனத்திடம், யாருடைய கணக்கில், எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்று பாருங்கள். அது உங்கள் பெயரில், நீங்கள் கடவுச்சொல் வைத்திருக்கும் கணக்கில் இருக்க வேண்டும், இரட்டைச் சரிபார்ப்பும் இருக்க வேண்டும். இதில் பலரும் கவனிக்காத கண்ணி ஒன்று உண்டு: பதிவாளர் கணக்கின் தொடர்பு மின்னஞ்சலாக அதே டொமைனில் உள்ள முகவரியைக் கொடுத்துவிடுவது. டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும். அதன் பிறகு வரும் எச்சரிக்கை உங்களை வந்தடையாது, கடவுச்சொல்லை மீட்கும் மடலும் வராது. அந்தக் கணக்குக்கு மட்டும் வேறு சேவையில் உள்ள தனி முகவரியைக் கொடுங்கள். டாட் காம் போன்ற பொது டொமைன்களுக்கு, காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவாளர் நினைவூட்ட வேண்டும் என்று டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் விதி சொல்கிறது. பதிவு நீக்கப்பட்ட பின்னரும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் அப்போது மீட்பதற்குக் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். டாட் இன் போன்ற நாட்டுக் குறியீட்டு டொமைன்களுக்கு விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கி வைத்துவிட்டு, அதில் பதிந்துள்ள வங்கி அட்டை காலாவதியாகும் மாதத்தை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் தானியங்கிப் புதுப்பிப்பு தவறிப்போவது பெரும்பாலும் அந்த அட்டையால்தான்.

பாதுகாப்புச் சான்றிதழையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தளத்துக்கும் உலாவிக்கும் இடையே போவதைப் பிறர் படிக்காதபடி காக்கும் எச்டிடிபிஎஸ், முகவரியில் வருவதற்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் இலவசமாகவே தருகின்றன. அதன் ஆயுள் அதிகபட்சம் 90 நாள். மற்ற நிறுவனங்கள் விற்கும் சான்றிதழ்களின் உச்சக் காலமும் சுருங்கிவருகிறது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் வழங்குவோரும் சேர்ந்து முடிவுசெய்திருக்கிறார்கள். ஆகவே யாரோ ஒருவர் நினைவு வைத்திருந்து கையால் புதுப்பிக்கும் முறைக்கு இனி இடமில்லை. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஹோஸ்டிங்கையே தேர்ந்தெடுங்கள்.

இப்போது தொடர்புப் படிவம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் இது சத்தமில்லாமல் உடையும். தளம் திறக்காவிட்டால் யாராவது சொல்வார்கள். படிவம் உடைந்தால் வாடிக்கையாளர் 'உங்கள் செய்தி அனுப்பப்பட்டது' என்பதைப் பார்த்துவிட்டுக் காத்திருப்பார், பதில் வராதபோது வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார். இரு தரப்புக்கும் நடந்தது தெரியாது. ஒரு நிறுவனத்தின் தளத்தை நான் பொறுப்பேற்றபோது, அவர்களுக்குப் பல வாரங்களாக ஒரு விசாரணையும் வரவில்லை, தொழில் மந்தம் என்றே நினைத்திருந்தார்கள். சர்வரின் பதிவுகளைத் திறந்து பார்த்தால் படிவம் நாள்தோறும் பயன்படுத்தப்பட்டிருந்தது. காரணம் மிக எளியது, இன்றும் பல தளங்களில் இருப்பது. வாடிக்கையாளர் படிவத்தில் தந்த மின்னஞ்சல் முகவரியையே அனுப்புநர் முகவரியாக வைத்துச் சர்வர் மடலை அனுப்பிக்கொண்டிருந்தது. பெறும் சேவையின் கணக்கில் அது போலி மடல்: வாடிக்கையாளரின் மின்னஞ்சல் சேவைக்குத் தொடர்பே இல்லாத ஒரு சர்வர், அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறது. அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய சரிபார்ப்புகள் இத்தகைய மடல்களைத் தடுப்பதற்கென்றே வந்தவை. 2024 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் இவற்றில் மேலும் கண்டிப்பு காட்டத் தொடங்கின. அனுப்புநராக உங்கள் சொந்த டொமைன் முகவரியை வைத்து, பதில் போக வேண்டிய முகவரியாக மட்டும் வாடிக்கையாளருடையதைக் கொடுத்து, உங்கள் டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளைச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதோடு, படிவத்தில் வரும் ஒவ்வொரு செய்தியும் மின்னஞ்சலில் போவதோடு நில்லாமல் சர்வரிலும் ஒரு பிரதி சேமிக்கப்பட வேண்டும். மாதம் ஒருமுறை உங்கள் மூவரில் ஒருவர், அலுவலக இணைப்பில் இல்லாத ஒரு கைப்பேசியிலிருந்து படிவத்தை நிரப்பி அனுப்பி, வந்து சேர்கிறதா என்று பாருங்கள். படிவத்திற்கு மேலேயே தொலைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் எழுத்தாக இருக்கட்டும், ஒரு வழி அடைபட்டாலும் இன்னொரு வழி இருக்கும்.

பேக்கப், அதாவது தளத்தின் காப்புப் பிரதி, பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஒரு தரவு மையம் தீப்பிடித்து எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் ஒரே இரவில் இழந்தார்கள். ஹோஸ்டிங் நிறுவனம் எடுக்கும் பேக்கப்போடு நிறுத்திவிடாமல், உங்கள் கையில் ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்எல் தளமாக இருந்தால் ஒரு கோப்புறையை நகலெடுப்பதோடு வேலை முடிந்துவிடும்.

சமூக வலைத்தளப் பக்கமே போதாதா, தனித் தளம் எதற்கு என்றும் இடையில் கேட்டிருந்தீர்கள். சமூக வலைத்தளம் பயனுள்ளது, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது இரவல் இடம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின. அவற்றை மட்டுமே நம்பியிருந்த தொழில்களுக்கு அன்று முகவரியே இல்லை. கூகுள் தன் வணிகப் பக்கங்களோடு இலவசமாகத் தந்துவந்த சிறு இணையதளங்களை 2024 மார்ச்சில் மூடிவிட்டது. வரைபடத்தில் உள்ள வணிகப் பதிவு இப்போதும் இருக்கிறது, அதில் உங்கள் நேரமும் எண்ணும் சரியாக இருப்பது மிக முக்கியம், ஏனெனில் பலர் தளத்திற்கே வராமல் அங்கேயே பார்த்துவிட்டு அழைப்பார்கள். ஆனால் அங்கே சொல்வதற்கும் இங்கே சொல்வதற்கும் மூலமாக, உங்கள் சொந்த டொமைனில் ஒரு பக்கம் இருக்க வேண்டும்.

இனி அந்த வயதான வாடிக்கையாளர் சொன்ன குறை. அவர் சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள். அவரைப் போல் சொல்லாமல் விலகிப்போனவர்கள் இருப்பார்கள். உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினர், அதாவது சுமார் 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க உடற்குறையோடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. நாற்பது வயதைத் தாண்டி அருகில் உள்ளதைப் படிக்கச் சிரமப்படும் எல்லோரையும், வெயிலில் நின்று கைப்பேசியைப் பார்ப்பவரையும் சேர்த்தால் இது உங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதியைத் தொடும் விஷயம். எழுத்து தெரியவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அளவு அல்ல, நிற வேறுபாடு. உடற்குறை உள்ளவர்களும் தளத்தைப் பயன்படுத்தும்படி வகுத்த, டபிள்யூசிஏஜி எனப்படும் அணுகல்தன்மை நெறிகளில் இதற்குத் தெளிவான எண் உண்டு. எழுத்தின் நிறத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற குறியீட்டுச் சாம்பல் நிறம் 4.54 பெற்றுத் தேறிவிடுகிறது. அதைவிட மயிரிழை வெளிறிய 777777 பெறுவது 4.48, தேறாது. வடிவமைப்பாளர்கள் மென்மையாக இருக்கிறது என்று விரும்பும் சாம்பல் நிறங்கள் இதைவிடவும் வெளிறியவை. இதில் இரசனையைப் பற்றிய வாதத்துக்கே இடமில்லை. இலவசக் கருவியில் இரண்டு நிறக் குறியீடுகளைக் கொடுத்தால் எண் வந்துவிடும். உலகின் பத்து இலட்சம் முகப்புப் பக்கங்களை வெப்எய்ம் என்ற அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் ஆராய்ந்துவருகிறது. ஒவ்வோர் ஆண்டும் முதலிடத்தில் நிற்கும் குறை இந்த வெளிறிய எழுத்துதான்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, பக்கத்தைப் பெரிதாக்க முடிகிறதா என்பது. கைப்பேசியில் இரு விரலால் விரித்துப் பெரிதாக்குவதைத் தடுக்கும் ஒரு சிறு கட்டளையைச் சில தீம்கள் பக்கத்தின் தலைப்பகுதியில் சேர்த்துவிடுகின்றன. அதை நீக்கச் சொல்லுங்கள். எழுத்தை 200 விழுக்காடு பெரிதாக்கினாலும் எதுவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், வெட்டுப்படாமல் படிக்க முடிய வேண்டும் என்பது நெறி. தொட வேண்டிய பொத்தான்கள் குறைந்தது 24 பிக்சல் சதுரமாவது இருக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 பதிப்பு சொல்கிறது. கை நடுங்குபவர்களை மனத்தில் வைத்து அதைவிடப் பெரிதாகவே வையுங்கள். படிவத்தில் ஒவ்வொரு கட்டத்திற்கும் மேலே, அங்கே என்ன எழுத வேண்டும் என்ற பெயர் நிலையாக இருக்க வேண்டும். கட்டத்துக்குள்ளேயே வெளிறிய எழுத்தில் 'பெயர்', 'தொலைபேசி' என்று போட்டு, தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அது மறைந்துவிடும்படி வைத்தால், பாதியில் கவனம் சிதறியவருக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதே தெரியாமல் போகும். தவறு நேர்ந்தால் கட்டத்தைச் சிவப்பாக்குவதோடு விட்டுவிடாமல், என்ன தவறு என்று எழுத்திலும் சொல்லுங்கள், ஏனெனில் சிவப்பும் பச்சையும் எல்லாக் கண்களுக்கும் வேறு வேறாகத் தெரிவதில்லை. படங்களுக்கு, திரைவாசிப்பான் வாசித்துச் சொல்லும்படி, மாற்று விளக்கம் எழுதுங்கள். பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்பதை நிரலில் சரியாகக் குறிப்பிடுங்கள். ஆங்கிலம் என்று குறித்துவிட்டு வேறு மொழியில் எழுதினால் திரைவாசிப்பான் தவறான உச்சரிப்பில் படிக்கும் அல்லது படிக்காமலே விட்டுவிடும்.

இவற்றைச் சோதிக்க வல்லுநர் வேண்டியதில்லை. மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் தட்டித் தட்டி முகப்பிலிருந்து படிவத்தை நிரப்பி அனுப்புவது வரை போய்ப் பாருங்கள்; எங்கே இருக்கிறோம் என்பது ஒவ்வோர் அடியிலும் திரையில் தெரிய வேண்டும். பிறகு கைப்பேசியில் ஏற்கெனவே உள்ள திரைவாசிப்பானை, ஐஃபோனில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக், இயக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உங்கள் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடிக்க முயலுங்கள். தானியங்கிச் சோதனைக் கருவிகளும் உதவும், ஆனால் அவை பிடிப்பது குறைகளில் ஒரு பகுதியை மட்டுமே. படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று அவற்றுக்குத் தெரியும், அந்த விளக்கம் பொருளுள்ளதா என்று தெரியாது. ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளம் முழுவதும் அணுகத்தக்கதாகிவிடும் என்று விற்கப்படும் மேற்பூச்சுக் கருவிகளை வாங்காதீர்கள். அப்படி வாக்குறுதி தந்த ஒரு நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025-இல் நடவடிக்கை எடுத்து அபராதம் கட்டவைத்தது. திரைவாசிப்பானை நாள்தோறும் பயன்படுத்துபவர்கள் பலர், அக்கருவிகள் தங்கள் வேலைக்கு இடையூறு செய்வதாகவே சொல்கிறார்கள்.

வேகத்தைப் பொறுத்தவரை, உங்களைப் போன்ற தளங்களில் குற்றவாளி பெரும்பாலும் படங்கள்தாம். கேமராவிலிருந்து எடுத்த பல மெகாபைட் படத்தை அப்படியே ஏற்றிவிட்டு, உள்ளங்கை அகலத் திரையில் காட்டுகிறார்கள். காட்டப்போகும் அளவுக்குச் சுருக்கி ஏற்றினாலே பாதி வேகம் திரும்பிவிடும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிந்தால் நல்லது என்று கூகுள் வைத்திருக்கும் அளவுகோல் ஒரு நியாயமான இலக்கு. மீதிச் சுமை, பிற நிறுவனங்களின் சர்வர்களிலிருந்து இழுத்து வரும் நிரல்கள்: அரட்டைப் பெட்டி, உள்ளே பதித்த வரைபடம், பார்வையாளர் கணக்கெடுப்பு, அசைவுக்கான ஜாவாஸ்கிரிப்ட் (உலாவிக்குள் இயங்கும் நிரல்மொழி). பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2013-இல் தன் தளத்திற்கு வந்தவர்களை ஆராய்ந்தபோது 1.1 விழுக்காட்டினருக்கு ஜாவாஸ்கிரிப்ட் வசதிகள் போய்ச் சேரவில்லை என்று கண்டது. அவர்களில் அதைத் தாமே நிறுத்தி வைத்திருந்தவர்களும் அதற்கு இடமில்லாத உலாவியை வைத்திருந்தவர்களும் சேர்ந்து 0.2 விழுக்காட்டினரே, மற்றவர்களுக்கு இணைப்புக் கோளாறு போன்ற வேறு காரணங்களால் அது வந்து சேரவில்லை. அந்த எண் இன்றைக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளக்கூடாது. ஆனால் நிரல் வந்து சேராத நாளிலும் உங்கள் எண்ணும் நேரமும் தெரிய வேண்டும் என்ற பாடம் மாறவில்லை.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி எனக்கு உறுதியாகத் தெரிந்தவை. சில விஷயங்களில் அந்த அளவு உறுதியோடு பேசக்கூடாது. புதிய வடிவமைப்பு புதிய வாடிக்கையாளர்களைக் கொண்டுவருமா என்பது அவற்றில் ஒன்று. வடிவமைப்பு மாறும்போது தகவல்களும் வேகமும் சேர்ந்தே மாறுவதால், வந்த பலன் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். தேடல் முடிவுகளில் முதலிடம் வாங்கித் தருகிறோம் என்பவர்களை நம்ப வேண்டாம், அப்படி யாரும் உறுதி தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தெளிவான தலைப்பு, நீங்கள் செய்யும் வேலைகளின் பெயர்களும் செல்லும் பகுதிகளின் பெயர்களும் எழுத்தில் இருப்பது, கைப்பேசியில் நன்றாகத் திறப்பது ஆகியவை பலன் தரும் என்பது வரை சொல்லலாம். அரட்டைப் பெட்டி சில தொழில்களுக்கு உதவியிருக்கிறது, ஆனால் மறுமுனையில் உடனே பதில் எழுத ஆள் இருந்த இடங்களில்தான். தானாகப் பதில் சொல்லும் வகையை வைத்தால், அது தவறான கட்டணத்தைச் சொல்லிவிட்டால் அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எழும். சட்டம் என் துறை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது, சேவை வழங்கும் மிகச் சிறு நிறுவனங்களுக்கு அதில் விலக்கும் இருக்கிறது. உங்கள் நாட்டில் எது பொருந்தும் என்பதையும், வாடிக்கையாளரின் விவரங்களைச் சேமிப்பதற்கான விதிகளையும் அங்குள்ள வழக்கறிஞரிடமே கேட்க வேண்டும்.

முன்பதிவு வசதியை மட்டும் நான் உடனே ஒதுக்க மாட்டேன். வாடிக்கையாளர்கள் இரவில் நேரம் குறிக்க விரும்புவார்கள் என்பது நியாயமான எண்ணம். ஆனால் தளத்தில் உள்ள நாள்காட்டியும் உங்கள் கையில் உள்ள நாள்காட்டியும் ஒன்றாகவே இருந்தால்தான் அது வேலைசெய்யும். தொலைபேசியில் ஒத்துக்கொண்ட வேலையை யாரும் அதில் ஏற்றாவிட்டால் ஒரே நேரத்துக்கு இருவர் காத்திருப்பார்கள். முதல் ஆறு மாதத்துக்கு, 'உங்களுக்கு வசதியான நாளும் நேரமும் எழுதுங்கள், நாங்கள் அழைத்து உறுதிசெய்கிறோம்' என்ற எளிய படிவத்தோடு தொடங்குங்கள். அப்படி எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்பதைப் பார்த்த பிறகு முழு வசதி தேவையா என்று முடிவுசெய்யலாம்.

அந்த வடிவமைப்பு நிறுவனத்துக்கு நீங்கள் பதில் எழுதும்போது, வேண்டாம் என்று சொல்வதற்குப் பதிலாக எல்லையைக் குறுக்கிக் கேளுங்கள். ஐந்து பக்கங்கள், எழுத்தில் தகவல், ஒரு படிவம், டபிள்யூசிஏஜி 2.2-இன் 'ஏஏ' நிலை (மூன்று நிலைகளில் நடுவானது), சாதாரணக் கைப்பேசியில் மூன்று நொடிக்குள் திறப்பு என்று எழுத்தில் கொடுங்கள். டொமைன், ஹோஸ்டிங், மின்னஞ்சல் கணக்குகள் மூன்றும் உங்கள் பெயரில் இருக்கும், கடவுச்சொற்கள் உங்களிடம் இருக்கும், தளத்தின் முழுக் கோப்புகளும் வேலை முடியும் நாளில் உங்களிடம் ஒப்படைக்கப்படும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பராமரிப்புக்குத் தனிக் கட்டணம் கேட்டால் தயங்காமல் கொடுங்கள், அது நியாயமான செலவு. ஆனால் மாதந்தோறும் என்ன செய்வார்கள், தளம் நின்றால் எத்தனை மணி நேரத்துக்குள் பதில் வரும், யாரை அழைப்பது என்பது எழுத்தில் இருக்கட்டும். அதற்கு முன், இந்த வாரமே, பழைய தளத்தில் எழுத்தின் நிறத்தைக் கறுப்பாக்கி, தொலைபேசி எண்ணை மேலே தொடக்கூடிய இணைப்பாக வைத்து, படங்களைச் சுருக்கச் சொல்லுங்கள். தெரிந்தவர் ஒருவர் அதை அரை நாளில் செய்துவிடுவார், புதிய தளம் வரும் வரை வாடிக்கையாளர்கள் காத்திருக்கவும் வேண்டாம்.